கடலுக்கு முதுகு கொடுத்து நின்ற மைனிக்கு

மைனி,

இன்று மதியம் ஆலங்குளத்துச் சித்தி குடும்பம் வேனில் வந்து இறங்கியது. ஐந்தருவியில் குளித்துவிட்டு நேரே நம் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார்கள். வேன் கதவு திறந்ததும் ஆட்களுக்கு முன்னால் வாடை இறங்கியது. நல்லெண்ணெயும் ஈரத்துண்டும் சீயக்காயும் கலந்த வாடை. சாரல் காலத்துத் தென்காசியில் பஸ்ஸிலும் கடைத்தெருவிலும் எங்கும் இருப்பதுதான். ஆனால் இந்த வருடம் இன்றைக்குத்தான் அது நம் வாசல் ஏறியது.

"ஏட்டி, நாளைக்கும் நாங்க இங்கனதான் இருப்போம். வெள்ளன எந்த அருவிக்குப் போவோம், சொல்லு. பழைய குத்தாலமா, மெயினா?" என்று சித்தி துண்டைப் பிழிந்துகொண்டே கேட்டாள்.

"மைனியைக் கேட்டுச் சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பினேன்.

திரும்பிய பிறகுதான் தெரிந்தது. சித்தியின் கை துண்டோடு அப்படியே நின்றுவிட்டது.  வேன் டிரைவர்தான், "அக்கா, வண்டிய எங்கன போடட்டும்?" என்று கேட்டு எல்லோரையும் காப்பாற்றினான்.

வந்தவர்கள் மாடியில் படுத்துவிட்டார்கள். என் பாப்பாவும் தூங்கிவிட்டாள். உங்களுக்கு எழுத வேண்டும் என்று சித்திரையிலிருந்து நினைக்கிறேன். எம்.ஏ. படித்தவள், ஒரு கடிதம் எழுத இத்தனை மாதம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். உட்கார்ந்தால் பாப்பாவுக்கு இருமல், அல்லது எனக்கு இருமுவாளோ என்று பயம். இன்றைக்கு அந்த வாடை என்னை உட்கார வைத்துவிட்டது.

அருவியைத் தேர்ந்து சொல்வது இந்த வீட்டில் உங்கள் வேலை. குற்றாலத்திலேயே பிறந்து வளர்ந்தவர் நீங்கள். அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு நீங்கள் தென்காசிக்கு வந்தபோது நான் எட்டாம் வகுப்பு. மறுநாள் காலையிலேயே மொட்டைமாடியில் நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்த புதுப்பெண்ணை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "மேல நல்லா மூடிக் கெடக்கு. மெயின் அருவில வெள்ளத்துல அந்த ஆர்ச் வளைவே தெரியாது, போலீஸ்காரன் உள்ள விடமாட்டான். ஐந்தருவிக்குப் போங்க" என்றீர்கள். அன்றிலிருந்து விருந்தாளிகள் உங்களைக் கேட்காமல் ஓர் அருவிக்கும் போனதில்லை. முட்டுவலிக்காரர்களுக்கு ஒன்று சொல்வீர்கள். கைப்பிள்ளைக்காரிகளுக்குப் புலியருவி. "பேருதான் புலி. பூனை மாதிரி விழும்." சண்டை போட்டுக்கொண்டு வந்திருக்கும் புருஷன் பெண்டாட்டியைப் பழைய குற்றாலத்துக்கு அனுப்புவீர்கள். "அங்கன அடிக்கிற அடில ரெண்டு பேருக்கும் கோவம் எறங்கிரும்" என்று சமையலறையில் என்னிடம் சொல்லிச் சிரிப்பீர்கள்.

என்னை அருவிக்குள் முதன்முதலாக நிறுத்தியதும் நீங்கள்தான். ஊர் தென்காசிதான், ஆனால் தண்ணீர் என்றால் எனக்கு நடுக்கம். எப்போதும் கைப்பிடிக் கம்பியோடு ஒட்டிக்கொண்டு கால் நனைத்துவிட்டு வந்துவிடுவேன். "மூஞ்சியக் காட்டுனா பயமாத்தான்ட்டி இருக்கும். தண்ணிக்கு முதுகக் குடு. மூச்ச மட்டும் உனக்கு வச்சுக்கோ" என்றீர்கள். தலையைக் குனிந்து, கைகளை நெஞ்சோடு கட்டி, பின்னாலேயே அடியடியாக நகர்ந்து உள்ளே போக வேண்டும். தோளில் முதல் அறை விழும்போது உலகமே சத்தமாகிவிடும். அப்புறம் ஒன்றும் கேட்காது. அதற்குத்தான் ஊர் ஊராக ஜனங்கள் வந்து வரிசையில் நிற்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

போன வைகாசியில் உங்களுக்கு வியாதி என்று தெரிந்தது. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் அந்த அம்மா டாக்டர் எல்லாவற்றையும் படம் போட்டு விளக்கிவிட்டு, "ஏதாவது கேக்கணுமா?" என்றார். அண்ணன் கேட்க வந்ததைக் கேட்க முடியாமல் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டீர்கள்: "அருவில குளிக்கலாமா டாக்டர்?"

டாக்டருக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. "எந்த அருவி?"

"எந்த அருவினாலும்."

"கூடாதும்மா. கையில குழாய் வைக்கப் போறோம், அது நனையக் கூடாது. மருந்து ஏத்தும்போது தண்ணி வேகமா அறைஞ்சா உடம்புல ரத்தம் கட்டிக்கும். இந்த சீசனுக்கு வேண்டாம்."

திரும்பி வரும்போது காரில் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓட்டினார்.  பாவூர்சத்திரம் மார்க்கெட் தாண்டியதும், மலை தெரிந்ததும், "ஊரே நனையப் போகுது. நான் மட்டும் காஞ்சு கெடக்கணும்" என்றீர்கள். அவ்வளவுதான் அன்றைக்கு நீங்கள் அழுதது.

அந்த வருடம் பார்த்து அருவிகள் எல்லாம் கொட்டின. வீடு நிறைய விருந்து. நீங்கள் கையில் பிளாஸ்டிக் உறையைச் சுற்றிக்கொண்டு, ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டு, கட்டிலில் இருந்தபடியே எல்லோரையும் அருவி அருவியாக அனுப்பினீர்கள். திரும்பி வருகிறவர்களைக் கிட்டே கூப்பிட்டுத் தலைமுடியைத் தொட்டுப் பார்ப்பீர்கள். "நல்லா விழுந்திருக்கு" என்பீர்கள்.

உங்கள் முடி கொட்டத் தொடங்கியது ஆவணியில். பாப்பாவுக்கு இரண்டாம் மொட்டை போட இலஞ்சி முருகன் கோயிலுக்குப் போனோம். பாப்பா நாவிதரைப் பார்த்ததும் அலறினாள். நீங்கள் அவளைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் முன்னால் உட்கார்ந்தீர்கள். "அண்ணாச்சி, முதல்ல எனக்குப் போடுங்க. பிள்ளை பாத்துத் தெளியட்டும்." அவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தென்னந்தோப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். பாப்பா அழுகையை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்து பார்த்தாள். பிறகு சந்தன மொட்டையோடு இரண்டு பேரும் ஒருவர் தலையை ஒருவர் தடவிக்கொண்டு நின்றீர்கள். அந்தப் படம் என் போனில் இருக்கிறது. நான் அதைத் திறப்பதில்லை.

கடல் யோசனை உங்களுடையதுதான். ஒருநாள், "டாக்டர் அருவியத்தான வேண்டாம்னாக? கடல வேண்டாங்கலையே" என்றீர்கள். நான் விளையாட்டு என்று நினைத்தேன். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது கேட்டே விட்டீர்கள். மருந்தெல்லாம் முடிந்து குழாயையும் எடுத்த பிறகு, அலை அடிக்காத இடமாகப் பார்த்து, இடுப்பளவு தண்ணீரில் இறங்கலாம் என்றார் டாக்டர். "அலை அடிக்காத கடல் எங்கன இருக்கு?" என்று வீட்டுக்கு வந்ததும் என் போனைப் பிடுங்காத குறைதான்.

என்னோடு படித்த பெண் ஒருத்தி அந்தமானில் ஒரு குட்டித் தீவுக்குப் போய் வந்து படங்கள் போட்டிருந்தாள். காட்டினேன். "என்னட்டி இது, தண்ணிய டம்ளர்ல ஊத்தி வச்ச மாதிரி இருக்கு?" என்றீர்கள். அந்தத் தீவின் பெயர் கடைசி வரை உங்கள் வாயில் நுழையவில்லை. கடற்கரைகளின் பெயரும் நுழையவில்லை. அதனால் நீங்களே பெயர் வைத்தீர்கள். சூரியன் மறைவதைப் பார்க்கக் கூட்டம் கூடுகிற மேற்குக் கரை பேரருவி. வெள்ளையாக நீண்டு கிடந்து, அலையும் கொஞ்சம் இருக்கிற கிழக்குக் கரை பழைய குற்றாலம். பாறைகள் மேல் ஏறி இறங்கி நடந்து போக வேண்டிய கரை செண்பகாதேவி அருவி. கப்பல் வந்து நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில், முழங்கால் ஆழத்தில் வெகுதூரம் சும்மா கிடக்கிற கரை புலியருவி.

மருந்து ஏற்றுகிற நாட்களில் நாம் பேசியது எல்லாம் இதுதான். சொட்டுச் சொட்டாக உங்கள் கைக்குள் அது இறங்கிக்கொண்டிருக்கும். நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, போனவர்கள் எழுதி வைத்திருப்பதை வாசித்துக் காட்டுவேன். எனக்குக் கண்ணில் பட்டதெல்லாம் ஆபத்துதான். இந்தக் கரையில் மணல் ஈ கடிக்கும். அந்தக் கரையில் பவளப்பாறை காலைக் கிழிக்கும். இன்னொன்றிலிருந்து ஆஸ்பத்திரி தூரம்.

"ஏட்டி, நீ பீச் தேடுதியா, ஆஸ்பத்திரி தேடுதியா?"

"பாப்பா வாராள்லா மைனி. நீங்களும்..."

"நானும்தான். சொல்லு, அந்தப் புலியருவியப் பத்தி என்ன எழுதியிருக்கான்?"

"இங்கே செய்வதற்கு ஒன்றுமே இல்லை, நேரம் வீண்னு ஒருத்தர் எழுதியிருக்காரு."

"அதாம்ட்டி வேணும்" என்று கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

அண்ணனுக்கு இந்தப் பயணமே பிடிக்கவில்லை. "கடல்தான பாக்கணும்? திருச்செந்தூர் போதாதா? காலைல போயிட்டு சாயங்காலம் வந்துரலாம்."

"திருச்செந்தூருக்கு முருகனப் பாக்கப் போவாக. நான் தண்ணியப் பாக்கப் போறேன்" என்றீர்கள்.  மறுநாளே அண்ணன் டிக்கெட் போட்டார்.

தையில் போனோம். அண்ணன், நீங்கள், நான், பாப்பா. என் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. உங்கள் மகனுக்கு ஹாஸ்டலில் பரீட்சை. நான் ஒரு பை நிறைய மருந்தும், உப்புச் சர்க்கரைப் பொட்டலங்களும், இரண்டு தெர்மாமீட்டரும் எடுத்துவந்தேன். "ஒண்ணு கெட்டுப்போனா?" என்று நான் சொன்னதை நீங்கள் அந்தமான் போய்ச் சேரும் வரை எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தீர்கள். தீவுக்குப் போகும் கப்பலில் சிரிப்பு நின்றது. வாந்தி எடுத்து எடுத்து, கரை ஏறும்போது அண்ணன் தோளில் உங்கள் முழுப் பாரமும் கிடந்தது.

அன்று சாயங்காலம் விடுதி அறையில் நாலு கரை என்பது ஒரு கரை என்று சுருங்கிவிட்டது. உங்களுக்கு ஒரு நாள் தெம்புதான் இருக்கிறது என்று யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பழைய குற்றாலம் என்று நீங்கள் பெயர் வைத்த கரையைத்தான் சொல்வீர்கள் என்று நினைத்தேன். ஆறு மாதமாகப் படத்தை விரித்து விரித்துப் பார்த்தது அதைத்தான்.

"புலியருவிக்கே போவோம்" என்றீர்கள்.

"பாப்பாவுக்காகச் சொல்லாதீங்க மைனி. உங்களுக்குப் பிடிச்சதச் சொல்லுங்க."

"எனக்காகத்தான்ட்டி சொல்லுதேன். மத்த எடத்துல நீ பிள்ளையக் கையில பிடிச்சுக்கிட்டு நடுங்கிக்கிட்டே நிப்ப. அதப் பாத்துக்கிட்டே நான் குளிச்சா அது ஒரு குளியா?"

பிறகு அண்ணனிடம் சொன்னீர்கள்: "வெள்ளன போயிரணும். விடிஞ்சா கூட்டம் வந்துரும்."

யாரும் மறுத்துப் பேசவில்லை. நம் ஊர்க்காரர்கள் யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள். தண்ணீருக்குப் போவது என்றால் விடியுமுன் போக வேண்டும். எழுந்து, பாப்பாவைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினோம். ஆட்டோக்காரர் ராமநாதபுரத்துப் பக்கத்துக்காரர். அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். "சீக்கிரம் விடுங்க தம்பி, எடம் பிடிக்கணும்" என்று நீங்கள் அவசரப்படுத்தினீர்கள்.

போய்ப் பார்த்தால் கடல் இல்லை.

கண்ணுக்கு எட்டிய மட்டும் பாறை, பாசி, அங்கங்கே கண்ணாடித் துண்டு போலக் குட்டை. சாய்ந்து கிடந்த நாலைந்து படகுகள். எங்கோ வெகுதூரத்தில் ஒரு வெள்ளைக் கோடு. கூட்டம் மட்டும் இல்லை, அது உண்மை. ஒரு ஆள்கூட இல்லை.

நீங்கள் இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தீர்கள். "என்னட்டி இது? தண்ணி விழலையா இன்னைக்கி?"

அண்ணன் அந்தக் கவலையிலும் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் பயம் வந்துவிட்டது. இவ்வளவு தூரம் இழுத்து வந்திருக்கிறோம். இனி ஒரு நாள் உங்களால் எழுந்து வர முடியுமா?

ஆட்டோக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "அதத்தாங்க்கா சொல்ல வந்தேன். இப்ப வத்திக் கெடக்கு. மதியத்துக்கு மேல ஏறி வந்துரும்."

"போன தண்ணி திரும்பியா வரும்?"

"கடலுதானக்கா. வரும்."

"எங்க ஊர்ல போன தண்ணி போனதுதான் தம்பி. ஆத்தோட போயிரும்" என்றீர்கள். அதைச் சும்மா பேச்சுக்குத்தான் சொன்னீர்கள். அண்ணன் சட்டென்று குனிந்து பாப்பாவின் செருப்பைச் சரிசெய்தார்.

ரூமுக்குப் போய்விட்டு மதியம் வரலாம் என்றார் அண்ணன். நானும் சொன்னேன். வெயில், பூச்சி, சாப்பாடு, பாப்பாவின் பால் என்று எனக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. நீங்கள் ஒரு பாதாம் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டீர்கள். "போனா என்னால திரும்பி வர முடியாது. எனக்குத் தெரியும். இங்கனயே கெடக்கேன். அது வரட்டும்."

ஆட்டோக்காரர் பாய் ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். என் துப்பட்டாவைச் சுருட்டித் தலைக்கு வைத்தேன். நீங்கள் படுத்ததும் தூங்கிப்போனீர்கள். அண்ணன் இட்லி கிடைக்குமா என்று தேடிப் போனார். பாப்பா மணலைக் குவித்துக்கொண்டிருந்தாள். நான் கடலைப் பார்ப்பேன், பாப்பாவைப் பார்ப்பேன், உங்களைப் பார்ப்பேன். வெயில் பாயின் மேல் ஏற ஏற, பாயை நிழலுக்கு இழுத்தேன். அவ்வளவு லேசாக வந்தது பாய். இழுத்த பிறகுதான் அதன் மேல் நீங்கள் இருக்கிறீர்கள் என்பது உறைத்தது.

பாப்பா பிறந்த புதிதில் அவள் மூச்சு விடுகிறாளா என்று மூக்குக்குக் கீழே விரலை வைத்து வைத்துப் பார்ப்பேன். நீங்கள் கேலி செய்வீர்கள். அந்த விரலை அன்றைக்கு உங்கள் மூக்குக்குக் கீழே கொண்டுபோனேன்.

கண்ணைத் திறக்காமலே, "இருக்கேன்ட்டி" என்றீர்கள். "தண்ணி வந்துட்டா?"

"இல்ல மைனி."

"வந்தா எழுப்பு."

அது எப்போது வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. நம் அருவி வந்தால் ஊருக்கே சத்தம் கேட்கும். இது ஒரு சத்தமும் இல்லாமல், பூனை வருவது போல, ஒவ்வொரு குட்டையாக நிரப்பிக்கொண்டு வந்தது. பாறைகள் காணாமல் போயின. சாய்ந்து கிடந்த படகு ஒன்று மெல்ல நிமிர்ந்தது. "அம்மா, போட்டு எந்திரிச்சுட்டு" என்று பாப்பா கத்தினாள். அவள் கத்தியதில் நீங்கள் எழுந்துவிட்டீர்கள்.

ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அண்ணன். மணலில் உங்களால் நடக்க முடியவில்லை. தண்ணீருக்குள் கால் வைத்த பிறகு உடம்புக்குப் பாரம் போய்விட்டது போல, எங்கள் கையை விட்டுவிட்டு நீங்களே போனீர்கள். முழங்கால். தொடை. தலைத்துண்டை அவிழ்த்து அண்ணனிடம் எறிந்தீர்கள். பிறகு திரும்பி, எங்களைப் பார்த்து நின்று, தலையைக் குனிந்து, கைகளை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, பின்னாலேயே அடியடியாக நகர்ந்தீர்கள். இடுப்பளவு வந்ததும் நின்றீர்கள்.

கடலுக்கு முதுகைக் கொடுத்துவிட்டு, அது மேலே விழக் காத்திருந்தீர்கள்.

கரையிலிருந்து ஆட்டோக்காரர், "அக்கா, கடலுக்கு முதுகு காட்டக் கூடாதுக்கா!" என்று சத்தம் போட்டார். உங்களுக்குக் கேட்கவில்லை. குனிந்த தலையோடு அப்படியே நின்றீர்கள். சின்னதாக ஓர் அலை வந்து இடுப்பைச் சுற்றிக்கொண்டு போனது. இன்னொன்று வந்தது. அதுவும் போனது. நீங்கள் நின்றுகொண்டே இருந்தீர்கள். பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தீர்கள். அந்த முகத்தை நான் எப்படி எழுதுவேன் மைனி? பந்தியில் உட்கார்ந்து, தனக்கு மட்டும் இலை போடாமல் போய்விட்டதைப் பார்க்கிற பிள்ளையின் முகம்.

"ஏட்டி, மேல விழாதா இது?"

பாப்பா மணல் அள்ளி விளையாட வாங்கிய சிவப்பு வாளி அவள் கையில் இருந்தது. நான் அதை வாங்கினேன். பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு உங்களிடம் வந்தேன். எனக்கு அவ்வளவு ஆழத்துக்கு வரத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. வாளியை முக்கி உங்கள் தலையில் ஊற்றினேன்.

முடியில்லாத தலையில் தண்ணீர் விழுகிற சத்தம் எனக்கு அதுவரை தெரியாது. உங்கள் தோள் சிலிர்த்தது. வாயில் வழிந்ததை நக்கிப் பார்த்து, "கரிக்குது" என்றீர்கள். மறுபடி தலையைக் குனிந்துகொண்டீர்கள். "ஊத்து."

ஊற்றினேன். "இன்னும்." ஊற்றினேன். "கொஞ்சம் உசரத்துல இருந்து ஊத்துட்டி, அருவி மாதிரி." கையை எட்டிய மட்டும் தூக்கி ஊற்றினேன். பாப்பா தன் பங்குக்கு இரண்டு கையாலும் அள்ளி எறிந்தாள், பாதி என் முகத்தில். நீங்கள் சிரித்தீர்கள், அழுதீர்கள், எது என்று தெரியவில்லை, முகம் முழுவதும் தண்ணீர். "நல்லா விழுது. இன்னும் ஊத்து, இன்னும் ஊத்து." என் தோள் விண்ணென்று வலித்தது. நிறுத்தத் தோன்றவில்லை. பாப்பா நனைகிறாளே, சளி பிடிக்குமே என்கிற நினைப்பே எனக்கு வரவில்லை. அவள் பிறந்ததிலிருந்து நான் பயப்படாமல் இருந்த நேரம் அது ஒன்றுதான்.

கடைசியில் அண்ணன் துண்டோடு தண்ணீருக்குள் இறங்கி வந்தார். "போதும், ஏறு. காய்ச்சல் வந்துரும்." நீங்கள் ஒன்றும் சொல்லாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தீர்கள்.

மற்ற மூன்று கரைகளையும் நாம் பார்க்கவில்லை. "அடுத்த வருசம் பழைய குத்தாலம் மைனி" என்றேன், கப்பல் ஏறும்போது. "ம்" என்றீர்கள்.

ஊருக்கு வந்து எடுத்த ஸ்கேனில் வியாதி ஈரலுக்குப் போயிருந்தது. அதற்குப் பிறகு நடந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று மட்டும். கடைசி வாரத்தில் ஒரு மதியம், வாய் வறண்டு கிடக்கிறதே என்று பஞ்சில் தண்ணீர் தொட்டு உதட்டில் வைத்தேன். நீங்கள் கண்ணைத் திறந்து, "அருவில தண்ணி விழுதா?" என்று கேட்டீர்கள். சித்திரை வெயில். "இல்ல மைனி. வெறும் பாறைதான் தெரியுது" என்றேன்.

"அப்ப யாரும் குளிக்கல" என்றீர்கள். "சரி."

நீங்கள் போன அன்றைக்கும் அருவியில் ஒரு நூல்கூட இல்லை. உங்களைக் குளிப்பாட்ட, நீர்மாலைக்குத் தண்ணீர் எடுக்கப் போனபோது சிற்றாற்றில் மணல்தான் கிடந்தது. கோயில் பக்கத்துக் கிணற்றிலிருந்துதான் உங்கள் மகன் குடம் சுமந்து வந்தான். அண்ணன் அந்தக் குடத்தைப் பார்த்துவிட்டு, "குத்தாலத்துத் தண்ணி கொஞ்சமாவது கெடைக்காதாலே?" என்று எல்லோரிடமும் கேட்டார். 

வாசலில் பெண்கள் சேலையைப் பிடித்து மறைப்புக் கட்டினார்கள். ஆச்சிமார் உங்கள் தலையில் எண்ணெயும் சீயக்காயும் தொட்டு வைத்தார்கள். அந்தத் தலையில் அப்போது பிஞ்சு முடி, பாப்பா பிறந்தபோது அவளுக்கு இருந்த அளவுக்கே. என் முறை வந்தது. செம்பைக் கையில் கொடுத்தார்கள். ஊற்றினேன். ஒருமுறை தொட்டு ஊற்றிவிட்டு நகர வேண்டும் என்று எனக்குத் தெரியும். என்னால் முடியவில்லை. மறுபடி மொண்டேன். கையை உயர்த்தி ஊற்றினேன். மறுபடியும். யாரோ ஓர் ஆச்சி என் முழங்கையைப் பிடித்தாள். "போதும் தாயி. மத்தவுகளும் ஊத்தணும்லா, தள்ளு."

அன்றிலிருந்து எல்லோரும் அதையேதான் சொல்கிறார்கள். பதினாறாம் நாள் முடிந்ததும் அம்மா சொன்னாள், போதும், பிள்ளையைப் பார் என்று. என் வீட்டுக்காரர் மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் சொன்னார். நேற்று அண்ணன்கூட, சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்த அண்ணன், என்னைப் பார்த்து, "போதும்ட்டி அழுதது" என்றார். பாப்பாவைக் குளிப்பாட்டினால், "போதும்மா, கண்ணு எரியுது" என்கிறாள். அவளுக்கு நான் நிறுத்திவிடுகிறேன்.

நாளை காலை சித்தி குடும்பத்தைப் பழைய குற்றாலத்துக்கு அனுப்பப் போகிறேன். சாயங்காலம் மாடியில் நின்று மலையைப் பார்த்தேன். நீங்கள் பார்ப்பது போல எனக்குப் பார்க்கத் தெரியாது, ஆனாலும் தண்ணீர் நன்றாக விழும் என்று தோன்றியது. பாப்பாவும் போக வேண்டும் என்கிறாள். கூட்டிப் போவேன். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. கூட்டிப் போய், முதுகைக் கொடுக்கச் சொல்லிக் கொடுப்பேன்.

ஆனால் மைனி, அன்றைக்குக் கடலில் போதும் என்று சொன்னது அண்ணன். இங்கே வாசலில் சொன்னது ஆச்சிமார். நீங்கள் சொல்லவில்லை. இன்னும், இன்னும் என்றுதான் சொன்னீர்கள். என் கை இன்னும் உயரத்திலேயே நிற்கிறது. ஊர் சொல்லி அது இறங்க மாட்டேன் என்கிறது.

நீங்கள் சொல்லுங்கள். நிறுத்திவிடுகிறேன்.